இசைக்காணொளியும் வகுப்பறை வரலாறும்: ‘எஞ்சாய் எஞ்சாமி’ குறித்துச் சில சிந்தனைகள்

வகுப்பறையிற் பாட்டைப் பயன்படுத்துதல் நமக்குப் புதியதன்று. நெடுங்கணக்கும் வாய்பாடும் ஓசையோடு பயிலப்பட்ட திண்ணைப் பள்ளி மரபு நம்முடையது. ஆயின் இன்று வகுப்பறைக்குள் வரும் இசைக்காணொளி அம்மரபின் தொடர்ச்சி மாத்திரமன்று. சந்தைக்கென ஆக்கப்பட்ட கலைப்பண்டமுமாகும். இவ்விருமையை மனங்கொள்ளாது அதனை வெறும் கட்புல செவிப்புலச் சாதனமாகக் கொள்வோர், பாடத்தையும் இழப்பர், கலையையும் இழப்பர்.

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ இதனை ஆராய்வதற்கு ஏற்றது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில், அமித் கிருஷ்ணன் நெறியாள்கையில் உருவான காணொளி இது. பறவையின் எச்சத்திலிருந்து காடு தோன்றுவதைக் கூறும் பகுதி விஞ்ஞான ஆசிரியருக்கு வித்துப் பரம்பலை விளக்க உதவும். ‘என் சாமி’ என்னும் விளி, நிலமற்ற கூலியாள் நிலவுடைமையாளனை அழைப்பதாகவும், பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதாகவும் வழங்குவது மொழியாசிரியருக்குப் பயன்படும். பணிவும் பாசமும் ஒரே சொல்லில் உறைந்திருப்பது சமூக வரலாறேயன்றி வெறும் சொல்லாராய்ச்சியன்று.

எனினும் இப்பாட்டின் ஆழமான பாடம் வரலாற்றைச் சார்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய குடும்பத்தின் வழிவந்தவர் அறிவு. அவர்தம் பாட்டியாரும் காணொளியில் தோன்றுகின்றார். தாம் வளர்த்த தோட்டம் செழித்தும் தம் தாகம் தணியாமையைப் பாட்டு பேசுகின்றது. ஆனால் இலங்கை என்றோ தேயிலை என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. காட்டுப் பின்னணியும் ஒப்பனை மிகுந்த ஆடையணிகளும் திட்டவட்டமான ஓர் உழைப்பு வரலாற்றைக் காலங்கடந்த தொன்மமாக மாற்றிவிடுகின்றன. அழகு இங்கு நினைவைக் காக்கின்றது; அதேவேளை காரணத்தை மறைக்கின்றது.

ஆசிரியரின் பணி இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. முதலிற் காட்சியின்றிப் பாட்டை மட்டும் கேட்பித்தல் வேண்டும். அடுத்து ஒலியின்றிக் காட்சியை மட்டும் காட்டுதல் வேண்டும். இரண்டும் தரும் பொருள் எங்கே இணைகின்றது, எங்கே விலகுகின்றது என்பதை மாணவரே கூறட்டும். அதன்பின் காணொளி சொல்லாதவற்றை முன்வைக்கலாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வெண்களை அறிந்தபின் அப்பாட்டை மீளக் கேட்கும் மாணவன், முதலிற் கேட்ட அதே பாட்டைக் கேட்பதில்லை.

சினிமாப் பாங்கான பாட்டுகள் வகுப்பறையின் கண்ணியத்தைக் குறைக்கும் என்பார் உளர். ஒப்பாரியும் தெம்மாங்கும் ஒருகாலத்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டன என்பதை அவர்கள் மறத்தலாகாது. மறுபுறத்தில், மாணவர் உற்சாகத்தையே கற்றலெனக் கொள்வோரும் உளர். தாளத்திற்கேற்பக் கைதட்டும் வகுப்பு மகிழ்ந்திருக்கின்றது என்பது உண்மை. சிந்தித்திருக்கின்றது என்பதற்கு அது சான்றாகாது.

இக்காணொளியின் பிந்திய வரலாறும் பாடத்திற்குரியதே. 2021 ஆகஸ்டில் இந்திய இசைச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அறிவு இடம்பெறாமை கண்டனத்துக்குள்ளாயிற்று. 2022இற் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே பாட்டு மேடையேறியபோது, ஆக்கவுரிமை பற்றிய விவாதம் வெளிப்படையாயிற்று. மற்றைய கலைஞரும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். அவற்றுள் எவர் தரப்புச் சரியெனத் தீர்ப்பளிப்பது வகுப்பறையின் வேலையன்று. உழைத்தவர் யார், பெயர் பெற்றவர் யார் என்னும் வினா, தோட்டத்தைப் பற்றிய பாட்டிலிருந்து பாட்டையே நோக்கித் திரும்பியமை கவனத்திற்குரியது.

மலையக வகுப்பறையொன்றில் இவ்வினா ஏட்டு வினாவன்று. அங்குள்ள பிள்ளை தன் பாட்டியிடம் சென்று, உறவினருள் யார் கப்பலேறினர், யார் இங்கு தங்கினர் எனக் கேட்டு எழுதி வருமாயின், இசைக்காணொளி தன் கற்பித்தற் பயனை அடைந்ததாகும். அவ்வாறன்றிப் பாட்டோடு பாடம் முடியுமாயின், பாடவேளையிற் பொழுதுபோக்கியதாகவே கொள்ளவேண்டும்.