குறிஞ்சிக்குள் ஒரு நெய்தல்

எங்கள் கடற்கரை ஊரான வேம்பாரில் காடு ஏது? பனையும் உடைமரமும் கடலும்தான். ஆனாலும் 2003இல் வந்த ஜெயமோகனின் ‘காடு’ நாவலை எங்கள் கரைக்கதையாகவே படித்து வருகிறேன்.

கதை நடப்பது குமரி மலைக்காட்டில். மாமாவின் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான் இளைஞன் கிரிதரன். காட்டுப்பாதையில் கலுங்கு, அதாவது சிறுபாலம், கட்டுகிறார்கள். காலம் கடந்து வயதான பிறகு அவன் அங்கே திரும்பி வரும்போது, கலுங்கின் சிமெண்டில் ஒரு மிளாமானின் கால்தடம் கிடக்கிறது. பூச்சு காயுமுன் மிதித்துவிட்டுப் போன மிளா எப்போதோ மண்ணாகியிருக்கும். தடம் அப்படியே இருக்கிறது. ஒரு பேய்க்கதைக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் படித்ததில்லை.

பெண்பேயான யட்சியைக் காஞ்சிர மரத்தில் ஆணியடித்து நிறுத்துவது அந்தப் பக்கத்து ஐதிகம். நாவலின் காட்டிலும் வனநீலி என்றொரு யட்சி உலவுகிறாள். அவள் கதையைக் கேட்டு மிரண்ட கிரிதரன் கண்ணில் ஒரு மலைப்பெண் படுகிறாள்; அவள் பெயரும் நீலி. அச்சத்துக்கும் ஆசைக்கும் ஒரே பெயர்! கடைசிவரை இந்த முடிச்சை ஜெயமோகன் அவிழ்ப்பதே இல்லை. அவர் கைத்திறனின் உச்சம் இதுதான். பிறகு காய்ச்சல் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்விடுகிறது. அதற்குப்பின் யட்சியை நினைத்தால் படிக்கிற எனக்கே பயம் வருவதில்லை. ஒருமுறை வந்துவிட மாட்டாளா என்றுதான் இருக்கிறது.

நாவலில் ஒரு பொறியாளர் ஐயர் வருகிறார், சங்கப்பாட்டில் ஊறியவர். கபிலரின் குறிஞ்சி அவர் வாய்வழியே கதை முழுக்க மணக்கிறது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். ஆனால் புத்தகத்தை மூடியபின் நெஞ்சில் நிற்பது இரங்கல், அதாவது நெய்தலின் உரிப்பொருள். கடல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கடலுக்குப் போனவனின் உடல் கரை சேராவிட்டால், அந்த வீட்டில் துக்கம் முடிவதில்லை. கல்லறை இல்லை, மண் அள்ளிப் போடவும் வழியில்லை. கொண்டல்காற்று கதவை அசைத்தால்கூட எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றும். கிரிதரனும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எழுந்து எழுந்து பார்க்கிறான்.

காட்டைவிட்டு அவன் வெளியேறிய பிறகு வரும் குடும்பப் பக்கங்களில் மொழி வறண்டு கிடக்கும். அவசரக்காரர்கள் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். நீலி இல்லாத உலகம் அவனுக்கு எப்படி இருந்தது என்பதை அந்த வறட்சிதான் காட்டுகிறது.