மூன்று சில்லில் சாயாத ஓட்டம்: கான்-ஆம் ரைக்கர் உங்களுக்குச் சரிவருமா?

வேகத்தில் வலப்பக்கம் திரும்பவேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள்காரர் ஹான்டிலின் வலது பிடியை மெல்ல முன்னுக்குத் தள்ளுவார். முன்சில்லு ஒரு கணம் இடப்பக்கம் பார்க்கும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்ததும் வளைவு தானாக வரும். பல வருடம் ஓடியவர் இதை யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். அந்தப் பழகிய கையோடு கான்-ஆம் ரைக்கர் என்ற மூன்று சில்லு வண்டியில் ஏறி முதல் வளைவுக்குப் போனால் வண்டி எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். ரைக்கர் சாயாது. வலப்பக்கம் போக ஹான்டிலை வலப்பக்கம் திருப்பவேண்டும்.

இந்த வண்டியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? வளைவில் உடம்போடு சேர்ந்து வண்டி சாய்கிற அந்தக் கணமா, இல்லை காற்றும் வெயிலும் மேலே பட, மரங்களின் வாசனையோடு திறந்த தெருவில் போவதா? இரண்டும் பிடிக்கும் என்பார்கள். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவீர்கள் என்று பிறகு கேட்பேன். அந்தப் பதிலில் பாதி முடிவு வந்துவிடும்.

ரைக்கரைச் செய்யும் பிஆர்பி நிறுவனத்தின் தலைமையகம் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூ பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஊர் அது. பனிவண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் நடுவில் ஒரு சுழல் பட்டி. 2007இல் வந்த, இதே நிறுவனத்தின் ஸ்பைடர் வண்டியின் உருவம் அங்கிருந்து வந்தது என்பது பார்த்தவுடனே விளங்கும்: முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. ஸ்பைடர் பாரமான வண்டி, விலையும் அதிகம். அதைச் சுருக்கி, இளையவர்களையும் இதுவரை மோட்டார் சைக்கிளே தொடாதவர்களையும் மனதில் வைத்து 2018இல் ரைக்கரை அறிமுகப்படுத்தினார்கள். அமெரிக்காவில் அப்போதைய தொடக்க விலை 8,499 டொலர். அப்போது இரண்டு எஞ்சின்கள் இருந்தன, இரண்டும் ரோட்டக்ஸ் தயாரிப்பு. 600 சிசி இரட்டைச் சிலிண்டரில் 50 குதிரைவலு, 900 சிசி மூன்று சிலிண்டரில் 77. பின்னாளில் 900ஐ 82 ஆக உயர்த்தினார்கள்.

நான் ஓடியது 900. வாடகைக்கு எடுத்தவர் ஸ்காபரோவில் இருக்கும் என் நண்பர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்த வண்டி யாருக்கானது என்பதற்கு அவர்தான் சரியான உதாரணம்.

ஏறி இருப்பது சுகம். சீற் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர்தான். காலைத் தூக்கிப் போட்டால் போதும், எக்கவேண்டியதில்லை. ஹான்டிலையும் கால்மிதிகளையும் எந்த ஆயுதமும் இல்லாமல் முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தலாம். ஆறடி நண்பர் இறங்கி, ஐந்தடி இரண்டு அங்குல மனைவி ஏறினாலும் ஒரு நிமிடத்தில் அளவாகிவிடும். இடது கைக்கு வேலை கிடையாது, கிளச் இல்லை. கியர் மாற்றுவதும் இல்லை, சிவிடி என்கிற பட்டி இணைப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். பின்சில்லுக்குச் சங்கிலி இல்லாமல் தண்டு வழியாகச் சக்தி போகிறது. எண்ணெய் போட்டு இறுக்கிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம். பின்னோக்கி எடுக்க றிவேர்ஸும் உண்டு. 280 கிலோ வண்டியைத் தரிப்பிடத்தில் தள்ளிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

கவனிக்கவேண்டியது பிரேக். ஹான்டிலில் பிரேக்கே இல்லை. வலது காலடியில் ஒரேயொரு மிதி, அது மூன்று சில்லையும் சேர்த்துப் பிடிக்கும், ஏபிஎஸ் உண்டு. பிடிக்கிற வலிமையில் குறை இல்லை. நிற்கிற வேகத்தைப் பார்த்தால் ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளில் அப்படி நிறுத்தத் துணிவு வராது. ஆனால் அவசரத்தில் பழைய ஓட்டக்காரரின் வலது கையில் இரண்டு விரல்கள் நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும். அந்தத் தேடலில் அரை விநாடி போய்விட்டால், நெடுஞ்சாலை வேகத்தில் அது பல மீற்றர். இருபது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவர்தான் இந்த வண்டியில் புதிதாகப் பழகவேண்டியவர். கார் மட்டும் ஓடியவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவருடைய கால் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது.

கலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் என்றொரு தெரு. கிரெடிட் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து பெல்ஃபவுண்டன் கிராமத்துக்குப் போகும். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மோட்டார் சைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் தெரு அது. நடுவில் ஒரு கொண்டையூசி வளைவு. சாயும் வண்டியில் அந்த வளைவு ஒரு சின்ன ஆனந்தம். ரைக்கரில் அது உடற்பயிற்சி. வண்டி தட்டையாக நிற்க, உடம்பு வெளிப்பக்கம் வீசப்படும். வெளிப்பக்கத்துக் காலை மிதியில் ஊன்றி, தொடையை வண்டியின் உடலோடு சேர்த்து அழுத்தி, மேலுடம்பை உள்பக்கம் சரித்துப் பிடிக்கவேண்டும். தெரிந்து செய்தால் இதுவும் ஒரு தனி இன்பம்தான். பனிவண்டி ஓடியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தெரியாமல் கையால் தொங்கினால் அன்று மாலை தோள்மூட்டு நோகும்.

கை பற்றி இன்னொன்று. ரைக்கரில் பவர் ஸ்டியரிங் இல்லை. ஓடத் தொடங்கியதும் ஹான்டில் இலேசாகிவிடும், ஆனால் தெருவின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் முன்சில்லுகள் கைக்குச் சொல்லும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் வண்டி இரண்டு பக்கமும் அலையும். அலைய அலையப் பயம் கூடும், பிடி இன்னும் இறுகும். பலர் முதல் நாளிலேயே இது சரியில்லாத வண்டி என்று தீர்ப்புச் சொல்வது இதனால்தான். முழங்கையை மடித்து, பிடியைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்தால் அது நேராகப் போகும்.

கவிழுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி. ஓட்டோவை வைத்து யோசித்தால் விளங்கும். ஓட்டோவுக்கு முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. வளைவில் போகும்போதே பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்கும் வெளிப்பக்கமும் ஒரே நேரத்தில் போகும். அந்த மூலையில் தாங்குவதற்குச் சில்லு இல்லை, அதனால் உள்பக்கத்துப் பின்சில்லு எழும்பும். ரைக்கரில் அது தலைகீழ். பிரேக் பிடிக்கும்போது பாரம் போகிற இடத்தில் அகலமான இரண்டு சில்லுகள் காத்திருக்கின்றன. எடையும் தாழ்வாக இருக்கிறது. அதற்குமேல் ஒரு மின்னணுக் காவலும் உண்டு. உள்பக்கச் சில்லு நிலத்தை விடப் பார்த்தால் எஞ்சின் சக்தியைக் குறைத்து, தேவையான சில்லில் பிரேக்கைப் பிடிக்கும். அது வேலை செய்வதை உணர்வது எளிது: வளைவின் நடுவில் அக்சிலேற்றரை முறுக்கியபடி இருக்க, வண்டி மட்டும் அமைதியாக வேகத்தை விடும். சாகசம் விரும்புபவருக்கு எரிச்சல் வரலாம். எனக்கு நிம்மதிதான் வந்தது.

விளம்பரங்கள் சொல்லாத ஒரு குறை பின்சில்லு. மோட்டார் சைக்கிளில் தெருவில் ஒரு குழி கண்டால் ஒரு சாண் விலகிப் போய்விடலாம். காரில் நடுவில் விட்டு இரண்டு பக்கமும் போகலாம். ரைக்கர் தெருவில் மூன்று தடம் போடுகிறது. முன்சில்லுகளுக்கு நடுவில் விட்ட குழியைப் பின்சில்லு தவறாமல் கண்டுபிடிக்கும். ஒன்ராறியோவில் பனிக்காலம் முடிந்த கையோடு தெருக்கள் இருக்கும் நிலையில் இது சின்ன விஷயமில்லை, இடி நேரே முதுகுத்தண்டுக்கு வருகிறது. அதோடு, லேனின் நடுப்பகுதியில்தான் வாகனங்களின் எண்ணெய் சிந்தும். மழை தொடங்கிய முதல் நிமிடங்களில் அந்தப் பிசுக்கின்மேல் ஓடுவது சக்தி கொடுக்கும் அந்த ஒற்றைச் சில்லு. அது அகலமான ரயர் வேறு, தேங்கிய தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். மழையில் வேகத்தைக் குறையுங்கள். மூன்று சில்லு இருக்கிறதே என்ற தைரியம் அங்கே உதவாது.

அகலம் ஒன்றரை மீற்றர். வாகன நெரிசலில் மோட்டார் சைக்கிளின் சௌகரியம் எதுவும் கிடைக்காது, கார் நிற்கும் இடம்தான் இதற்கும். தினமும் நகரத்துக்குள் வேலைக்குப் போய்வர ஒரு வண்டி தேடுகிறவர் இத்தோடு வேறு பக்கம் பார்க்கலாம்.

இனி நண்பர். முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடியவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சிவப்பு விளக்குகளில் ஒரு காலில் வண்டியைத் தாங்கி நிற்க முடியாமல் அதை விற்றுவிட்டார். விற்ற பிறகு கோடை வந்தாலே அவருக்கு ஒரு குறைச்சல். ரைக்கரில் போய்த் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் சொன்னது: “சாயுறது இல்லைத்தான். ஆனா தெருவில நிக்கேக்க கால் நடுங்கேல்லை.” அந்த ஒரு வசனத்துக்காகவே இந்த வண்டி உலகத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். வளைவின் இன்பத்தை அவர் ஏற்கெனவே இழந்துவிட்டார், ரைக்கர் அதைத் திருப்பித் தரவில்லை. மற்ற எல்லாவற்றையும் தந்தது.

அவருடைய மனைவி எந்த மோட்டார் சைக்கிளையும் ஓடியதில்லை. ஆளில்லாத ஒரு பெரிய தரிப்பிடத்தில் ஒரு சுற்றுப் போய்வந்தார். “இஞ்சேருங்கோ, காலை ஊண்டவே தேவையில்லை, கார் ஓடத் தெரிஞ்சா காணும்” என்றார். “கார் எண்டு நினைச்சு ஓடாதையும், சுத்தி இரும்பு இல்லை” என்றார் கணவர்.

அவர் சொன்னது முக்கியமான விஷயம். மூன்றாவது சில்லு வண்டி சரிந்து விழுவதைத் தடுக்கிறது. சரளைக் கல்லில் வழுக்கி விழுவது, நிற்கும்போது சாய்ந்து விழுவது போன்றவை இல்லாமல் போகின்றன, அது பெரிய நன்மை. ஆனால் இடப்பக்கம் திரும்பும் கார் உங்களைக் காணாமல் குறுக்கே வந்தால் நீங்கள் மோட்டார் சைக்கிள்காரர்தான். ஹெல்மெட், தடித்த மேலங்கி, கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து எதையும் குறைக்க இடமில்லை. லைசென்ஸ் விதி இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் கார் லைசென்ஸே போதும், கியூபெக்கில் மூன்று சில்லுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. சட்டம் பயிற்சி கேட்காத இடத்திலும் ஒரு நாள் பயிற்சிக்குப் போவது நல்லது.

சாய்வுதான் வேண்டும், அதோடு முன்னுக்கு இரண்டு சில்லின் பிடிமானமும் வேண்டும் என்பவருக்கு வேறு வண்டிகள் உள்ளன. 2018இல் விற்பனைக்கு வந்த யமஹா நிக்கன் முழு மோட்டார் சைக்கிள். வந்தபோது 847 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், 45 பாகை வரை சாயும், கையும் பழையபடியே வேலை செய்யும். முன்னுக்கு ஒரு சில்லு ஈரத்தில் வழுக்கினால் மற்றது பிடிக்கும். ஆனால் அது தானாக நிற்காது. 260 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை விளக்கில் காலால்தான் தாங்கவேண்டும். என் நண்பருக்கு அது உதவாது. 2006இல் வந்த பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டர் நடுவழியில் நிற்கிறது: ஓடும்போது சாயும், நிற்கும்போது முன்பக்கத்தைப் பூட்டிக்கொள்ளலாம். பாரிஸ் தெருக்களில் அதைப் பார்க்காமல் நடக்க முடியாது. ஐரோப்பிய விதிப்படி முன்சில்லுகளுக்கிடையே 460 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரே சில்லாகவே கணக்கு. நிக்கனுக்கு 410, அதனால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கட்டாயம். எம்பி3இன் அகலமான வகைகளை 460ஐத் தாண்டும்படி செய்ததால்தான் கார் லைசென்ஸ்காரர்கள் அதைத் தேடிப் போனார்கள்.

ரைக்கரை ஓடிப் பார்க்கக் கடைக்குப் போகிறவர், அவர்கள் காட்டும் நேர் தெருவோடு திருப்திப்படக்கூடாது. நேர் தெருவில் எல்லா வண்டியும் இனிக்கும். ஒரு நெருக்கமான வளைவும், ஒரு துண்டு உடைந்த தெருவும், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரமும் கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் வரும் வெறுப்பையும் மகிழ்ச்சியையும் கணக்கில் எடுக்காதீர்கள், அந்த நேரத்தில் கை இன்னும் பழசையே தேடிக்கொண்டிருக்கும். அரை மணிக்குப் பிறகும் ஒவ்வொரு வளைவிலும் சாய ஏங்கினால் வாங்கவேண்டாம். அந்த ஏக்கம் போகாது, அடுத்த கோடைக்குள் விற்றுவிடுவீர்கள்.

வாங்குவதானால் 900. 600 நகரத்தில் போதும், ஆனால் நெடுஞ்சாலையில் லொறியை முந்தும்போது எஞ்சின் கத்தவேண்டியிருக்கும். அடிப்படை ரைக்கரில் ஒருவர்தான் இருக்கலாம். பின்சீற்றுக்கான தாங்கியைத் தனியாக வாங்கிப் பூட்டவேண்டும், ஸ்போர்ட், ராலி வகைகளில் அது வண்டியோடு வரும். சாமான் வைக்கும் இடமும் மிகக் குறைவு, ஒரு மழைக்கோட்டுக்கே இடம் தேடவேண்டும். நண்பர் 900 ஸ்போர்ட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கிறார். மனைவி பயிற்சி வகுப்புக்குப் பதிந்துவிட்டார், பின்சீற் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.