உள்ளுறையும் உயிர்த்தொடர்பும்

தொல்காப்பியர் வகுத்த திணைப் பாகுபாடே இக்காலச் சூழலியலுக்கு முன்னோடி என்று நிறுவ முயலும் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் பலவாகப் பெருகியுள்ளன. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அவற்றைச் சார்ந்து வாழும் உயிர்த்தொகுதி. ஆகவே திணை என்பதும் மேனாட்டு அறிவியலார் கூறும் சூழல் மண்டலம் என்பதும் ஒன்றே என்பது அவற்றின் முடிபு. இம்முடிபை ஐயுறுவது தமிழின் பெருமைக்கு இழுக்காகும் எனக் கருதுவாரும் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. சூழலியலார் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்திகள் சங்கப் பாடல்களில் உள்ளன என்பதில் ஐயமில்லை. அவற்றை இலக்கண நூற்பாவில் தேடுவதே நாம் செய்யும் பிழை. அவை பாட்டின் உள்ளுறையிலும் இறைச்சியிலும் கிடக்கின்றன. அங்கும் அவற்றைச் சலித்தெடுத்தே கொள்ளுதல் வேண்டும் என்பதனை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

முதற்கண், எதிர்ப்பக்கத்தின் வலிமையை ஒப்புக்கொள்வது முறை. உயிர்கள் தம் சூழலோடு கொள்ளும் தொடர்பை ஆராயும் துறைக்கு 1866ஆம் ஆண்டில் பெயரிட்டவர் செருமானிய அறிஞர் எர்ன்ஸ்டு ஹெக்கல். வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் அமைத்தார். 1935இல் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி, உயிர்த்தொகுதியை மட்டும் பிரித்து ஆராய்தல் போதாது. மண்ணும் நீரும் வெப்பமும் காற்றும் ஆகிய உயிரற்றவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கொள்ளுதல் வேண்டும் என வற்புறுத்திச் சூழல் மண்டலம் என்னும் கருத்தை வகுத்தார். நிலத்தையும் பொழுதையும் முதலாகவும், அவற்றிற் பிறப்பனவற்றைக் கருவாகவும் கொண்ட தொல்காப்பிய நெறி இதனை நினைவூட்டுவது இயல்பே. தனிநாயக அடிகள் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்னும் பொருள்படும் நூலுக்குப் பின், இத்தகைய ஒப்புமையை நாடும் ஆர்வம் நம்மிடையே வளர்ந்ததும் வியப்பன்று.

ஆனால் டான்ஸ்லி கூறியது ஒரு பட்டியல் அன்று. மண்டலத்தின் உறுப்புகள் தம்முள் இடையறாது கொடுத்தும் கொண்டும் நிற்கின்றன என்பதே அவர் கருத்தின் உயிர்நிலை. கருப்பொருளை விதிக்கும் நூற்பாவோ உறுப்புகளை எண்ணுகின்றது. அவை ஒன்றோடொன்று என் செய்கின்றன எனக் கூறவில்லை. விலங்கும் மரமும் புள்ளும் நிற்கும் அதே வரிசையில் தெய்வமும் பறையும் யாழும் நிற்கின்றன. புலவன் தன் பாட்டிற்கு வேண்டும் பொருள்களை எடுத்துக்கொள்ளும் களஞ்சியம் அது. காட்டினை ஆராயப் புகுந்தவன் எழுதிய குறிப்பேடு எனக் கொள்வதற்கு அதன்கண் இடமில்லை. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் காலத்தையும் விட்டுப் பிறவிடத்துத் தோன்றின், தோன்றிய நிலத்திற்கே அவற்றை உரியவாகக் கொள்க என்று அந்நூலே வழிவிடுகின்றது. உயிர்களின் பரவலைக் கூற வந்த நூல் இத்துணை எளிதாக நெகிழ்ந்து கொடாது. செய்யுள் வழக்கினைக் கூற வந்த நூலே இவ்வாறு நெகிழும்.

குறிஞ்சியையே எடுத்துக்கொள்வோம். திணைக்குப் பெயர் தந்த அச்செடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சரிவுகளில் பன்னீராண்டுக்கு ஒருமுறை ஒருங்கே பூக்கும் நீலக்குறிஞ்சி என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. நீலகிரிப் பகுதியிலும் மூணாற்றிலும் 2006இலும் 2018இலும் அது பூத்தது. ஒருமுறை பூத்து விதைத்தபின் செடி மடிந்துவிடும். இங்ஙனம் நெடுங்காலம் காத்திருந்து ஒருங்கே பூப்பது ஏன் என்னும் வினாவிற்குப் படிமலர்ச்சி அறிஞர் கூறும் விடைகளுள் ஒன்று சுவையானது. விதையுண்ணும் உயிர்கள் தின்று தீர்க்கவியலாத அளவு விதையை ஒரே காலத்தில் கொட்டிவிடின், எஞ்சியவை முளைக்கும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதைப்பின் எல்லாம் உண்ணப்பட்டுவிடும். அமெரிக்க அறிஞர் டேனியல் ஜான்சன் 1976இல் மூங்கிலைக் குறித்து இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். இனி நம் இலக்கணத்தை நோக்குக. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். அஃதாவது ஐப்பசி முதல் தை வரை. நீலக்குறிஞ்சி மிகுதியாகப் பூப்பதோ அதற்கு முற்பட்ட ஆடி முதல் புரட்டாசி வரையுள்ள திங்கள்களில். பன்னீராண்டு என்னும் காலவளவைக்கு ஓராண்டினுள் அடங்கும் பெரும்பொழுது என்னும் அமைப்பில் இடமே இல்லை. இதனால் தொல்காப்பியருக்குக் குறையொன்றும் இல்லை. களவொழுக்கத்திற்கு ஏற்ற பொழுதினை அவர் கூறினார். செடியின் பொழுதினைக் கூற வந்தாரல்லர்.

பாலை ஒன்றே இதற்கு விலக்கு எனலாம். அதற்கு நிலம் கூறாது பொழுது மட்டும் கூறினார் தொல்காப்பியர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை உரைக்கின்றது. இங்கே நிலம் நிலையாக நில்லாது ஒன்று மற்றொன்றாக மாறுகின்றது; மாற்றத்திற்குக் காரணமும் கூறப்படுகின்றது. திணைக் கோட்பாட்டினுள் சூழலியலுக்கு மெய்யாகவே அணுக்கமான இடம் இதுவே என்பது என் துணிபு. கருப்பொருள் அட்டவணைகளை வரைந்து பக்கங்களை நிரப்பும் ஆய்வேடுகள் இதனைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் கடந்து செல்வது வருத்தத்திற்குரியது.

இனி உள்ளுறைக்கு வருவோம். உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே களமாகக் கொள்ளும் என்பது தொல்காப்பிய விதி. இவ்விதியின் ஆழத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்திலோம். தலைவனுக்கும் தலைவிக்கும் பரத்தைக்கும் இடையே நிகழ்வனவற்றைக் குறிப்பாற் புலப்படுத்த வேண்டுமாயின், மரம் நின்றது, பறவை இருந்தது என்று கூறுதல் பயன்படாது. ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு ஏதேனும் செய்தல் வேண்டும். உண்ணல், கவ்வல், விடல், காத்தல் போன்ற ஒரு வினை வேண்டும். நூற்பாவில் தனித்தனியே நின்ற கருப்பொருள்கள் பாட்டினுள் வந்தவுடன் தம்முள் தொடர்பு கொள்வதற்குக் காரணம் இதுவே. மனிதர் உறவைச் சொல்லும் தேவையே புலவரை உயிர்களின் உறவை உற்று நோக்கச் செய்தது.

குறுந்தொகை எட்டாம் பாட்டினைக் காண்க. ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலருகே நிற்கும் மாவின் முதிர்ந்த கனி தானே உதிர்கின்றது. அதனைப் பொய்கையில் வாழும் வாளைமீன் கவ்வுகின்றது. தலைவன் தானே வந்து வீழ்கின்றான், தாம் தேடிச் சென்றிலம் என்று பரத்தை உணர்த்துவதாகக் கொள்வர். உள்ளுறை அவ்வளவே. ஆயினும் நிலத்தில் விளைந்த பொருள் நீரினுள் புகுந்து நீர்வாழ் உயிர்க்கு உணவாகும் வழியொன்றினை இக்காட்சி தன்னுள் கொண்டுள்ளது. கரைமரங்களின் இலையும் கனியும் பூச்சியும் நீர்நிலையின் வாழ்வுக்கு எத்துணை ஊட்டம் தருகின்றன என்பது இன்று தனியே ஆராயப்படும் பொருள். புலவர் ‘கதுவுதல்’ என்னும் வினையைப் பெய்தார், ‘உண்ணுதல்’ என்றாரல்லர். வாளை பிற மீன்களை இரையாகக் கொள்ளும் இயல்பினது. அத்தகைய மீன் நீர்மேல் விழுந்ததைப் பாய்ந்து பற்றும் விரைவினையே அச்சொல் காட்டுகின்றது. அது கனியை உண்டதோ உமிழ்ந்ததோ, பாட்டு கூறவில்லை. கூறாததை நாம் கூட்டுதல் கூடாது.

அவ்வாளையே வேறு பாடல்களில் இரையாகின்றது. ஔவையார் பாடிய குறுந்தொகை 364ஆம் பாட்டிலும், ஓரம்போகியாரின் ஐங்குறுநூறு 63ஆம் பாட்டிலும் நீர்நாய் அதனை அன்றாட இரையாகப் பெறுகின்றது. பின்னதில் நீர்நாயின் மேல் வீசும் புலால் நாற்றமும் சுட்டப்படுகின்றது. பிற மகளிரைத் தழுவிய அடையாளத்தோடு வந்த தலைவனைத் தலைவி வெறுக்கும் கிழத்தி கூற்றுப் பத்தில் இந்நாற்றம் எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது என்பதனை விரிக்க வேண்டா. கண்ணாற் கண்டதோடு அமையாது மூக்காலும் அறிந்த புலவரே இதனை எழுதவல்லார்.

மாவின் கனி, வாளை, நீர்நாய் என மூன்றினையும் தொடுத்து, இதுவே உணவுச் சங்கிலி எனக் காட்ட ஆசை எழும். சார்லஸ் எல்ட்டன் 1927இல் விலங்குச் சூழலியல் பற்றி எழுதிய நூலில் அக்கருத்தை விளக்கினார். ரேமண்ட் லிண்ட்மன் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பகுதியிலுள்ள ஒரு சிறு சதுப்பு ஏரியை ஆராய்ந்து, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றல் குறைந்து செல்லும் முறையை 1942இல் வெளிவந்த கட்டுரையில் அளவிட்டுக் காட்டினார். அக்கட்டுரை அச்சேறுமுன் அவர் இருபத்தேழாம் அகவையிலேயே மறைந்தார். ஆனால் நம் சங்கிலியைத் தொடுத்தவர் எந்தப் புலவரும் அல்லர். வெவ்வேறு பாடல்களிலிருந்து நாமே தொடுத்தோம். ஒவ்வொரு புலவரும் கண்டது ஒரு கண்ணியை மட்டுமே. அளவு என்பது எவரிடத்தும் இல்லை. கூர்ந்த காட்சி ஒன்று, அக்காட்சிகளைக் கோத்து எழுப்பும் கோட்பாடு மற்றொன்று. முன்னதற்குரிய புகழைப் பின்னதற்கும் ஏற்றிக் கூறுதல் ஆய்வு நெறி ஆகாது.

உள்ளுறையின் தேவை புலவரின் கண்ணைக் கூர்மையாக்கியது போலவே, சிற்சில இடங்களில் திரியவும் செய்தது. ஐங்குறுநூற்றுக் களவன் பத்தில் அமைந்த 24ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. தாய் இறக்கப் பிறக்கும் நண்டும், தன் பிள்ளையைத் தானே தின்னும் முதலையும் அதில் ஒருங்கே வருகின்றன. தலைவனுடைய ஊரின் கொடுமையைப் புலப்படுத்த இவ்விரண்டினும் பொருத்தமானவை வேறில்லை. உயிரியல் கூறுவது யாது? நன்னீர் நண்டு தன் முட்டைகளையும், பொரித்த குஞ்சுகளையும் வயிற்று மடிப்பின்கீழ் சில காலம் சுமந்து திரியும். குஞ்சுகள் பிரிந்த பின்னும் தாய் உயிர்வாழும். பெண் முதலையோ முட்டையினின்றும் வெளிப்பட்ட குஞ்சுகளைத் தன் வாயிற் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும். சேய்மையிலிருந்து நோக்குவார்க்கு அது தின்பதாகவே தோன்றும். முதலைகளுள் பெரியவை சிறியவற்றைத் தின்பதும் உண்டாதலின், அக்கருத்து முற்றும் அடிப்படையற்றது எனலும் ஆகாது. இரண்டிடத்தும் காட்சி மெய். அதன்மேல் ஏற்றிய பொருள் பிறழ்ந்தது. தாயின் மிக நெருங்கிய பேணலே கொடுமையாகப் படிக்கப்பட்டது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் ஆகலின், அத்திணையிற் கொல்வதும் கவர்வதுமாகிய தொடர்புகள் மிகுந்திருத்தல் இயல்பே. மருதப் பாடல்களைத் தொகுத்துப் பண்டை வயல்வெளியின் உயிர்த்தொடர்பு இத்தகையது என முடிவு கட்டுவார், தலைவியின் சினத்தையே இயற்கையின் இயல்பு எனப் பதிவு செய்தவராவர்.

பாலையில் இப்பிறழ்ச்சி எதிர்த்திசையில் நிகழ்கின்றது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாட்டில், பிடி பசித்திருப்பது பொறாத களிறு யா மரத்தை உரிக்கின்றது. வறண்ட காலத்தில் யானை புல்லைக் குறைத்து மரத்தழையையும் பட்டையையும் நாடும் என்பது, இராமன் சுகுமார் முதலியோர் தென்னிந்தியக் காடுகளிற் செய்த ஆய்வுகளால் நன்கு அறியப்பட்டது. அவ்வளவில் பாட்டு பிழையற்றது. ஆயின் முதிர்ந்த களிறு பெரும்பாலும் பிடிகளின் கூட்டத்தை விட்டுத் தனித்தே வாழும். இனப்பெருக்கக் காலத்தன்றி அவற்றோடு கூடுதல் அரிது. துணைக்கு இரை தேடித் தருதல் அதன் இயல்பன்று. பொருள்வயிற் பிரிந்தவன் இவ்வன்பினைக் கண்டு மீள்வான் எனத் தோழி ஆற்றுவிக்க வேண்டியுள்ளது. அன்பிற்குரியவற்றை இறைச்சியில் வைத்துக் காட்டுதலும் தலைவியை வற்புறுத்தித் தேற்றும் வழி எனத் தொல்காப்பியம் கூறுதலை ஈண்டு நினைக. பட்டை காட்டில் உரிக்கப்பட்டது. அன்பு தோழியின் நெஞ்சிலிருந்து வந்தது.

பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியத்துச் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் மீன்களையும் இனங்கண்டு எழுதிய நூல்கள் நமக்குப் பெருந்துணை. பெயர்களை இனங்காணும் பணி அவரால் பெரிதும் முன்னேறியது. அதனினும் அரிய பணி எஞ்சியுள்ளது. பாட்டுத்தோறும் எவ்வுயிர் எவ்வுயிர்க்கு என் செய்கின்றது என்பதனைப் பிரித்தெடுத்து, அவ்வினை துறையின் தேவையால் வந்ததா, தேவையின்றியும் வந்ததா என வகைப்படுத்தல் வேண்டும். பின்னைய வகையே சான்றாக நிற்கும் வலியுடையது. நற்றிணைப் பாலைப் பாட்டொன்றில், செந்நாய் மரையைத் தின்று விட்ட மிச்சில் அருஞ்சுரம் செல்லும் வழிப்போக்கர்க்கு உணவாகின்றது. அதனைத் தலைவனாகவோ தலைவியாகவோ உருவகித்து உரை காணின் வலிந்து பொருள் கொண்டதாகவே முடியும். சுரத்தின் கொடுமையைக் கூற வந்த புலவர், விலங்கு உண்டு எஞ்சியதனை உண்ணும் இடத்தில் மனிதனை நிறுத்திவிட்டுச் செல்கின்றார்.