ஊடகக் கற்கையும் கல்குடாவின் செய்திகளும்

இலங்கையில் ஊடகத்தைப் பாடமாகப் படிப்பது புதிதல்ல. களனிப் பல்கலைக்கழகம் 1970களிலேயே வெகுசனத் தொடர்பாடலைப் பட்டப்படிப்புக்குள் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் ஊடக வளங்கள் பயிற்சி நிலையமாக ஆரம்பித்த முயற்சி இன்று ஒரு துறையாகியிருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் தொடர்பாடல் கற்கைகள் உண்டு. க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' தனிப்பாடம். ஆகவே பாடம் இல்லையே என்ற குறை தீர்ந்துவிட்டது. எதைப் பாடமாக்குவது என்பதில்தான் குழப்பம். ஒருபுறம் செய்தி எழுதும், கமரா பிடிக்கும் பயிற்சி. மறுபுறம் மனனம் செய்யவேண்டிய மாதிரிகள். யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948இல் லாஸ்வெல் கேட்டதும், அதே ஆண்டில் ஷனன் வரைந்த தொடர்பாடல் வரைபடமும் எல்லா வழிகாட்டி நூல்களிலும் உண்டு. ஷனன் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்துக்காரர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கம்பியில் போகும் சமிக்ஞை சிதையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அவருடைய கவலை. மனிதர்கள் வேண்டுமென்றே சிதைப்பதைப் பற்றி அவர் எழுதவில்லை. அந்த வரைபடத்தைப் பிழையின்றிக் கீறும் மாணவருக்கு, தன் ஊர்ச் சம்பவம் மூன்று மொழிகளில் மூன்று கதையாக வரும்போது அதைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் வந்திருக்கிறதா? மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாவில் இப்பாடம் முதலில் செய்யவேண்டியது அதைத்தான்.

இதற்கான பாடப்பொருளைத் தேடி வெளியே போகத் தேவையில்லை. வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் பாதையில் புனானையில் நிற்கும் பெரிய கட்டடத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். தனியார் உயர்கல்வி நிறுவனமாக, 'பெற்றிக்கலோ கம்பஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது நாடளாவிய செய்தியாயிற்று. ஷரீஆ பல்கலைக்கழகம் என்ற பெயர் தலைப்புகளில் ஏறி ஒட்டிக்கொண்டது. ஓராண்டு கழியுமுன், 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அங்கே தனிமைப்படுத்தியபோது அதே கட்டடம் கொரோனாச் செய்திகளின் களமாயிற்று. முதலில் சந்தேகம், பிறகு நோய்ப்பயம். கட்டடத்தில் ஒரு செங்கல்லும் இடம் மாறவில்லை. எந்தப் பெயரை முதலில் யார் சொன்னார், அதை எந்தப் பத்திரிகை மேற்கோள் குறிக்குள் வைத்தது, எது குறியை எடுத்துவிட்டு உண்மைப் பெயராகவே அச்சிட்டது, உரிமை, நிதி, அனுமதி பற்றிய நியாயமான கேள்விகள் எந்த இடத்தில் ஒரு சமூகத்தின் மீதான ஐயமாக உருமாறின என்று தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு தவணைக்கான வேலை கிடைக்கும். லாஸ்வெல்லின் கேள்விகளுக்கும் அப்போதுதான் உயிர் வரும். அயல் மாவட்டத்துச் சம்பவம் இன்னும் வெளிப்படை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக ஒரு காணொளி பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அறிக்கை வருமுன், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி திகனவும் எரிந்துவிட்டது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

இங்கே எழும் முதல் கேள்வி வயிற்றுப்பாடு பற்றியது: படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? வாசிக்கப் பழகியவரை எந்தச் செய்தியறையும் தேடி எடுக்காது என்பது உண்மைதான். ஆனால் கமரா பிடிக்கப் பழகியவரை மட்டும் எடுத்துவிடுகிறதா? கருவிகள் சில வருடங்களில் மாறிவிடுகின்றன, செய்தியறைகளும் சுருங்குகின்றன. அதோடு, இந்த மாவட்டம் தந்த நல்ல பத்திரிகையாளர்களைப் பட்டம் உருவாக்கவில்லை. 2005 ஏப்ரலில் கொல்லப்பட்ட 'தராகி' என்ற புனைபெயரில் எழுதிய சிவராம் பேராதனைப் படிப்பை இடையில் விட்டவர். செய்தியாளரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் தலையாய வேலை என்று அடம்பிடிப்பதற்கு அவர் நல்ல மறுப்பு. சிவராமைப் பற்றி 2007இல் விரிவான ஆங்கில நூல் எழுதிய மார்க் விட்டேக்கர் ஊடகத்துறைக்காரர் அல்ல, மானிடவியலாளர். மட்டக்களப்பில் வாழ்ந்து எழுதி, 2004 மே 31இல் அந்நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட வீரகேசரிச் செய்தியாளர் நடேசனின் எழுத்துகளும் இப்படியொரு கூர்ந்த வாசிப்புக்கு உரியவை. அந்த வாசிப்பை வேலைவாய்ப்புத் திட்டம் என்று சொல்லமுடியாது. சட்டமோ வரலாறோ படிப்பவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

உள்ளூரையே கட்டிக்கொண்டால் கோட்பாடு போய்விடும் என்று கல்வியாளர் சிலர் அஞ்சுவர். தமிழில் இதற்கு முன்மாதிரி உண்டு. கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடல் சாதனமாக ஆராய்ந்தபோதும், சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆய்வுக்கு எடுத்தபோதும் உள்ளூர்ப் பொருளில்தான் கைவைத்தார்கள். கோட்பாடு அதிலிருந்து எழுந்தது. களரியைச் சுற்றி விடியவிடிய ஊரே கூடியிருந்து, தனக்குத் தெரிந்த கதையை மறுபடி கேட்கும் வடமோடிக் கூத்தை ஷனனின் வரைபடத்தில் எங்கே பொருத்துவது என்று ஒரு விரிவுரையாளர் கேட்டாலே போதும், வகுப்பு சூடுபிடிக்கும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் பிரதேசத்தில் இவற்றை வகுப்பில் கிளறினால் ஆறிய புண் திறக்காதா? 1990ஐ எடுத்தால் இது புரியும். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 5இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாயிருந்த தமிழரில் 158 பேரைப் படையினர் பிடித்துச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. இவற்றை ஒரு சமூகத்தின் பத்திரிகை முதற்பக்கத்தில் வைக்க, மற்றது உள்ளே தள்ளியதா, கொன்றவரின் பெயரை யார் எழுதினார், யார் செயப்பாட்டு வினைக்குள் ஒளித்தார் என்று தேடுவது ஆபத்தில்லாத வேலை என்று சொல்லமுடியாது. ஆனால் வகுப்பில் பேசாவிட்டால் பேச்சு நின்றுவிடுவதில்லை. அது வட்ஸ்அப் குழுக்களில், தன் பக்கத்துச் செத்தவரை மட்டும் எண்ணிக்கொண்டு நடக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நாளின் மூன்று பத்திரிகைகளை விரித்துப் பார்க்க வந்தாறுமூலையைவிட வாய்ப்பான இடங்கள் இந்நாட்டில் அதிகமில்லை. விரிவுரையாளருக்குப் பாதுகாப்பு வேண்டும், நிருவாகம் பின்வாங்கக்கூடாது. இவை இல்லாமல் தொடங்கச் சொல்வது நியாயமல்ல. இதற்கு வேண்டிய பழைய தமிழ் இதழ்களில் ஒரு பகுதி 'நூலகம்' என்ற எண்ணிமக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிங்களப் பத்திரிகைகளுக்குக் கொழும்புச் சுவடிக்கூடம்வரை போகவேண்டும். அவற்றை வாசித்துச் சொல்லச் சிங்களம் தெரிந்த வகுப்புத் தோழர் ஒருவரும் கூட வரவேண்டும்.