காதை அடைத்துக்கொண்டு ஓடியவன்

ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்து ஊரூராய்த் திரிந்து பிழைத்த ஒருவர் எழுதிய நூல், முந்நூறு ஆண்டுகள் கடந்தும் வாசிக்கப்பட்டு வருகின்றது. ஆங்கில தேசத்து ஜான் பன்யன் (1628–1688) இயற்றி 1678-ல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’ அது. அதன் தொடக்கத்தில் ஒரு காட்சி நம் மனத்தை உறுத்துகின்றது. அழியப்போகும் நகரத்தை விட்டுக் கிறிஸ்தியான் ஓடுகின்றான். மனைவியும் மக்களும் திரும்பி வரும்படி கதறுகின்றனர். அவனோ விரல்களால் காதை அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். மனைவி மக்களை ஊரில் விட்டுக் கப்பலேறியவர்களின் வழிவந்த நமக்கு அக்கதறல் புதிதன்று. தன் ஆத்துமாவைக் காக்கப் பெற்ற பிள்ளைகளைக் கைவிடுதல் அறமாகுமோ?

இவ்வாறு வினவுவோரை நாத்திகர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இதனை முதலில் வினவியவர் பன்யனே என்பது எமது கருத்து. முதற் பதிப்பில் இல்லாத ஒரு பகுதியை, அவ்வாண்டிலேயே வந்த இரண்டாம் பதிப்பில் அவர் சேர்த்தார். அன்பு என்னும் பெயருடைய மாது, உன் குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று கிறிஸ்தியானைக் கேட்கின்றாள். அவன் அழுகின்றான். மனைவி உலகப் பற்றுடையவள், பிள்ளைகள் இளமைக் களிப்பில் மயங்கியவர் என்று அவன் பின்னர் கூறும் சமாதானங்கள் நமக்கு நிறைவளிக்கவில்லை. அந்த அழுகையே மெய்.

அவ்வழுகையின் வேரைக் காண விரும்புவோர், அவர் 1666-ல் வெளியிட்ட சுயசரிதையைப் படித்தல் வேண்டும். அதில் வீரம் குறைவு, தடுமாற்றமே மிகுதி. கோயில் மணியடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். வீண் இன்பமென்று அதை விட்டார். விட்ட பின்னும் வேடிக்கை பார்க்கச் சென்றார். மணி தலைமேல் விழுமோ என்று அஞ்சி உத்திரத்தின் கீழ் ஒதுங்கினார். கோபுரமே சாயுமோ என்று பின்னர் வெளியே ஓடினார். நகைப்பிற்குரிய செய்திதான். நகைப்பார்கள் என்றறிந்தும் மறைத்தாரில்லையே! கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் துரத்தியதையும், ஒருநாள் சோர்ந்து அதற்கு இணங்கிவிட்டதாகக் கருதி நெடுங்காலம் நைந்ததையும் அவ்வாறே எழுதியுள்ளார்.

அரசின் தடையை மீறி உபதேசித்ததற்காக 1660-ல் அவரைச் சிறையிட்டனர். 1672 வரை அவ்வாழ்வு நீடித்தது. இனி உபதேசியேன் என்று வாக்களித்தால் விடுதலை. வெளியே இரண்டாம் மனைவி எலிசபெத்து. மூத்தாளின் பிள்ளைகள் நால்வர். அவர்களுள் ஒரு மகள் கண் தெரியாதவள். நாடாக்களின் முனையில் தகடு பொருத்தி விற்றுச் சிறையிலிருந்தே குடும்பத்தைத் தாங்கினார். தம் உறுதியைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. மனைவி மக்களின் தலைமேல் தம் வீட்டைத் தாமே இடிப்பதாக எண்ணி வருந்துகின்றார். கண்ணற்ற மகள் பசியால் பிச்சையெடுத்து அடிபடுவாளோ என்று துடிக்கின்றார். கதையில் காதை அடைத்தவனைப் படைத்தவர், சிறையில் அக்கதறலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1684-ல் இரண்டாம் பாகம் வந்தது. மனைவி கிறிஸ்தியானாளும் நான்கு மைந்தரும் அதே வழியில் புறப்படுகின்றனர். முன்னவன் ஓடினான்; இவர்கள் கூட்டமாய், கோலூன்றி நடப்பவனுக்கும் மனந்தளர்ந்தவனுக்கும் ஏற்ப நின்று நின்று செல்கின்றனர். விறுவிறுப்புக் குறைவென்பர், மெய்தான். ஆயினும் முதற்பாகத்தின் கடனை இதுவே தீர்க்கின்றது.

நிற்க. இக்கதையைத் தமிழில் காவியமாக்கியவர் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவக் குடியிற் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-ல் வெளிவந்தது. கம்பன் நடையில் வருணனை பெருகுந்தோறும், தடுமாறும் மனிதன் அதனுள் மறைந்துவிடுகின்றான். கன்னாரத் தொழிலாளியின் எளிய பேச்சு அங்கில்லை. ஆனால் இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் கவிஞர் அணிகளைக் களைந்து, தம் குறையைத் தாமே சொல்லி நிற்கின்றார். புலவர்கள் விருத்தங்களைப் பாராட்டட்டும். தோட்டத்திலும் பட்டணத்திலும் வேலை முடித்து மாலையில் நூலெடுப்போர் அத்தேவாரங்களிலிருந்தே தொடங்கலாம்.