ஆதி குணசேகரனுக்கு முன்னால்

'கிணத்தைக் காணோம்' என்று வடிவேலு போலீஸைக் கூட்டிக்கொண்டு வரும் காமெடியைப் பார்க்காதவர் நம்மூரில் அபூர்வம். அது என்ன படம், யார் டைரக்டர் என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பீர்கள். படம் 'கண்ணும் கண்ணும்', வருஷம் 2008. டைரக்டர் ஜி.மாரிமுத்து. ஆமாம், 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனேதான்!

தேனிப் பக்கம் பசுமலைத்தேரியிலிருந்து சினிமா ஆசையில் சென்னைக்கு வந்தவர். ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் உதவியாளர். சொந்தமாக ஒரு படம் செய்ய நாற்பது வயதாகிவிட்டது. அது ஓடவில்லை, காமெடி மட்டும் தனியாகக் கழன்று வந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது படம் 'புலிவால்' (2014), மலையாள 'சாப்பா குரிசு'வின் ரீமேக். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைரக்டராக அவர் நேர்த்தியானவர், அவ்வளவுதான். தனக்கென்று ஒரு முத்திரை விழவில்லை.

நடுவில், 2011-ல், மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் அவரைப் போலீஸ் அதிகாரி ஆக்கினார். அப்புறம் நம் சினிமா வழக்கப்படி அதே காக்கிச் சட்டையைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டது. ஆள் பிரமாதம், வேலை என்னவோ இரண்டு சீன்.

விதிவிலக்கு, 'பரியேறும் பெருமாள்' (2018). ஜோவின் அப்பா. கல்யாண மண்டபத்து அறையில் சொந்தக்காரப் பையன்கள் பரியனை அடித்து அவமானப்படுத்துகிறார்கள். இவர் தடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அப்புறம் அதே பையனிடம் தன் பெண்ணை விட்டு விலகிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறார். வில்லனும் இல்லை, நல்லவனும் இல்லை. ஜாதியைக் கண்டு கூசுகிற, ஆனால் அதை உதறத் தைரியமில்லாத ஒரு சாதாரண அப்பா. இந்த மனிதரை நீங்கள் வானகரத்திலும் பார்க்கலாம், அம்பத்தூரிலும் பார்க்கலாம், சில சமயம் கண்ணாடியிலும். மாரிமுத்து இதில் குரலை உயர்த்தவே இல்லை. இருபது வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்று, மற்றவர்கள் எங்கே மிகையாக நடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவரின் சிக்கனம் அது.

சினிமா தராத இடத்தைக் கடைசியில் சீரியல் தந்தது. 2022-ல் சன் டி.வி.யில் திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்'. படித்த பெண்களை மருமகள்களாகக் கூட்டிவந்து அடுப்படியில் அடைக்கும் குடும்பம். மூத்தவர் குணசேகரன். எரிச்சல், கஞ்சத்தனம், பிடிவாதம், எல்லாவற்றுக்கும் மேல் அந்த 'இந்தாம்மா... ஏய்!' சீரியல் பார்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த ஆண்கள்கூட எங்கள் தெருவில் ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். அது பெண்கள் நிமிர்கிற கதை. ஆனால் ஊரே ரசித்தது அவர்களை மிதிப்பவரை! எழுத்தின் குறையா, நடிப்பின் குற்றமா? என்னைக் கேட்டால், மாரிமுத்து அந்த ஆளை முட்டாளாகவும் காட்டினார். அதிகாரம் எவ்வளவு அபத்தமானது என்பது அவர் உறுமலுக்கு நடுவே தெரிந்தது. பெண்கள் சிரித்தது அதற்காக. ஆண்கள் சிரித்தது வேறெதற்கோ என்று சந்தேகம். சமையலறையிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட்டில் 'ஜெயிலர்' வந்தது. அடுத்த மாதம் 8-ம் தேதி காலை, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது. புகழ் வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

அந்த நாற்காலியில் வேல ராமமூர்த்தி வந்து உட்கார்ந்தார். அவரும் எழுத்தாளராக இருந்து, தாமதமாக நடிக்க வந்தவர்தான். மீசையும் குரலும் பொருத்தம். பயம் வந்தது, சிரிப்பு வரவில்லை.