மாவு சேர்க்காத குழம்பு

சமையல் புத்தகத்தை இலக்கியத்தோடு சேர்த்துப் பேச நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. ஜார்ஜ் லாங் எழுதி 1971-இல் வெளிவந்த 'தி குஸீன் ஆஃப் ஹங்கேரி' என்ற நூலைப் படித்தால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். நூலில் முதலில் சரித்திரம், பிறகு செய்முறைகள். பெற்றோரை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்து, 1946-இல் நாட்டைவிட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தவர் ஆசிரியர்.

குலாஷ் விஷயத்தில் அவர் வெகு கண்டிப்பு. மாவு கூடாது, ஒயின் கூடாது என்கிறார். வெளிநாடுகளில் குலாஷ் என்று பரிமாறும் கெட்டிக் குழம்புக்கு ஹங்கேரியில் பொர்கோல்ட் என்று பெயர். அவர்களுடைய குலாஷ், மாடு மேய்ப்பவனின் பெயரைத் தாங்கிய சூப்.

இந்தக் கண்டிப்பைப் பழமையின் பேரால் ஆதரிக்க முடியாது. குழம்புக்குச் சிவப்பு நிறம் தரும் பாப்ரிகா நம் மிளகாயின் உடன்பிறப்பு. இரண்டுமே கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவைதாம்.

ஆனால் அடுப்படிக்குப் போனால் காரணம் விளங்குகிறது. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு மூன்று பெரிய வெங்காயம். பொடியாக நறுக்கிப் பன்றிக் கொழுப்பில் நிதானமாக வதக்க வேண்டும். பாத்திரத்தை இறக்கிவைத்த பிறகே பாப்ரிகாப் பொடியைத் தூவ வேண்டும். அதில் சர்க்கரைச் சத்து இருப்பதால் சூட்டில் கருகிக் கசந்துவிடும். காரமில்லாத பொடியாகவும் இருக்க வேண்டும். நம் மிளகாய்ப் பொடியை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. பிறகு இறைச்சியும் உப்பும். தண்ணீரை வற்ற வற்றக் கொஞ்சமாக ஊற்றி, மூடிவைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வெங்காயம் கரைந்து தானே குழம்பாகிவிடும். மாவு போடுகிறவர் அந்த இரண்டு மணி நேரத்தை ஏமாற்றப் பார்க்கிறார், நாக்கு ஏமாறுவதில்லை.

ஒயின் சங்கதி வேறு. பொர்கோல்ட்டில் சிவப்பு ஒயின் ஊற்றுகிற ஹங்கேரியரும் உண்டு. யாரும் அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆகவே மாவைத் தடுக்கும்போது லாங் சமையற்காரராகப் பேசுகிறார். ஒயினைத் தடுக்கும்போது ஊரை இழந்தவராகப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவதை ஏற்கலாம். இரண்டாவதைப் புரிந்துகொண்டால் போதும்.

1992-இல் அவர் ஒரு பங்காளியுடன் சேர்ந்து புடாபெஸ்டின் புகழ்பெற்ற கூண்டெல் உணவகத்தைப் புதுப்பித்துத் திறந்தார். புத்தகத்தில் எழுதிவைத்தால் மட்டும் ருசி பிழைத்துவிடாது, யாராவது அடுப்பை மூட்ட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். புத்தகத்தின் தகுதியும் அதுதான்: மூடிவைத்ததும் வெங்காயம் நறுக்கத் தோன்றுகிறது.